ஒரு சொட்டும் சிந்தாத வால்வு

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பப்பில் எல்லோரும் கேட்க கிளிஃபோர்டு சபதம் போட்டுவிட்டார்: வீட்டை வெந்நீரால் சூடாக்கும் ரேடியேட்டரில் ஒழுகும் வால்வை, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இறக்காமலே மாற்றிக் காட்டுவாராம்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஊரையே நடுங்கவைத்தவர். வீட்டில் பரிசோதகர் மனைவி மியூரியல்.

"பிளம்பரைக் கூப்பிடுங்களேன்" என்றாள் மறுநாள் காலை.

"ஒரு வால்வு போனதுக்கு வாழ்வே போன மாதிரி ஏன் பதர்றே?"

"அப்ப தண்ணியையாவது இறக்கிட்டு மாத்துங்க."

"அப்படி எவன் வேணா மாத்துவான். காத்து உள்ளே போக வழியில்லேன்னா தண்ணி வெளியே வராது. ஸ்ட்ராவை விரலால மூடினா ஜூஸ் நிக்குதில்ல? வெற்றிடம் மியூரியல், வெற்றிடம்!"

"அது உங்க தலைக்குள்ளேதானே இருக்கு? ரேடியேட்டருக்கு எப்படி மாத்துவீங்க?"

கிளிஃபோர்டு முறைத்துவிட்டுப் புது வால்வு வாங்கக் கிளம்பினார். வால்வு உடனே கிடைத்தது. கடைக்காரருக்கு வெற்றிடம் பற்றி வகுப்பெடுத்ததில்தான் பாதிப் பகல் போயிற்று.

திரும்பி வந்து பார்த்தால், பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் ஏற்கெனவே பூஜ்யத்தில் நின்றது.

"பார்த்தியா? நான் தொடறதுக்கு முன்னாடியே இறங்கிடுச்சு. பயம்!"

"இருக்காதா பின்னே" என்றாள் மியூரியல், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு டக்ளஸ் வந்தார். கிளிஃபோர்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு மரையைத் திருகினார். பழைய வால்வு கையோடு வந்தது. தண்ணீர்? ஒரு சொட்டு இல்லை. நிதானமாகப் புதியதை மாட்டினார்.

"மந்திரம்யா!" என்று வாயைப் பிளந்தார் டக்ளஸ். "எங்க வீட்லயும் ஒண்ணு ஒழுகுது..."

கிளிஃபோர்டு அதற்குள் ஸ்பானரோடு வாசலில் நின்றார்.

மியூரியல் முதல்முறையாகப் பின்னலைக் கீழே வைத்தாள். "ஏங்க, அங்கே வேணாம். ஒரு விஷயம் சொல்லணும்..."

"பாராட்டெல்லாம் வந்து வாங்கிக்கறேன்!"

டக்ளஸ் வீட்டுக் கூடத்தில் பாலாடை நிறத்தில் புத்தம்புதுக் கம்பளம். கிளிஃபோர்டு அடியில் ஒரு வாளிகூட வைக்காமல், புன்னகையோடு மரையைத் திருகினார். முதலில் புஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் துரு கலந்து மை போல் கறுத்த தண்ணீர், அவர் முகத்தில், டக்ளஸின் செருப்பில், கம்பளம் முழுக்க. கட்டைவிரலால் அடைத்தார். விரலின் இரண்டு பக்கமும் பீய்ச்சியது.

"எங்கேய்யா உன் வெற்றிடம்?" என்று அலறினார் டக்ளஸ்.

"வந்துகிட்டிருக்கு!"

வந்தது மியூரியல். தோளில் ரப்பர் குழாய்ச் சுருள். நேரே பின்வாசலுக்குப் போய் அங்கே ரேடியேட்டர் தண்ணீரை வடிப்பதற்கென்று இருந்த குழாயில் மாட்டித் திறந்துவிட்டாள். தண்ணீர் தோட்டத்துக்குப் பாய, ரேடியேட்டரின் சீற்றம் மெல்ல அடங்கியது.

கறுத்த முகத்தில் கண் மட்டும் வெள்ளையாக, கிளிஃபோர்டு அவளைப் பார்த்தார். "நம்ம வீட்ல ஒரு சொட்டுகூட வரலியே!"

"இருந்தாத்தானே வரும்? நீங்க கடைக்குப் போனப்பவே முழுசா இறக்கிட்டேன்."

"இறக்காம மாத்தறதுதானே என் சபதமே!"

"நீங்க எங்கே இறக்கினீங்க? நான்தானே இறக்கினேன்" என்றபடி துடைக்கும் துணியை அவர் கையில் கொடுத்தாள்.