மரத்துக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி

அழுவதில் கண்ணீரண்ணனை அடித்துக்கொள்ள கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. சொந்தத் தகப்பன் செத்ததற்கு எப்படி அழுதாரோ எனக்குத் தெரியாது. ஆனால் வெட்டிப்போட்ட ஒரு பலா மரத்துக்காக என் கடை வாசலில் உட்கார்ந்து அவர் அழுத அழுகை இருக்கிறதே! பக்கத்து டீக்கடைக்காரர் பெரிய சாவு என்று நினைத்து, டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் போஸ்டர் அடிக்கும் கடை. பத்திரிகையில் கதை எழுதியா குடும்பம் நடத்த முடியும்? கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். கண்ணீரண்ணன் கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறவர். மலையில் எவன் எந்த மரத்தைச் சாய்த்தாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும். பார்த்த கையோடு நேராக என் கடைக்கு வண்டியை விட்டுவிடுவார். உள்ளே இருக்கும் பயணிகளும் சாமை மூட்டைகளும் கூடவே துக்கத்துக்கு வரவேண்டியதுதான்.

முதல் தடவை வந்தபோது செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, அஞ்சலி போஸ்டர் வேண்டும் என்றார். படத்தில் அந்தப் பலா மரமும், அதில் சாய்ந்தபடி ஒரு மீசைக்காரரும். செத்தது யார் என்று கேட்டேன். விம்மிக்கொண்டே படத்தின் நடுவில் விரலை வைத்தார். அதற்கு மேல் துருவிக் கேட்க மனம் வருமா? நான் மரத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீசைக்காரர் முகத்தைப் பெரிதாக்கி, ராத்திரியோடு ராத்திரியாக அடித்துக் கொடுத்துவிட்டேன். அவரும் அழுத கண்ணோடு பிரித்துக்கூடப் பார்க்காமல் ஆள் விட்டு ஒட்டிவிட்டார்.

மறுநாள் அந்த மீசையே கடைக்கு வந்து நின்றது. கண்ணீரண்ணனின் மச்சானாம். வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து நின்றிருக்கிறார்கள். பின்னாலேயே கண்ணீரண்ணனும் வந்தார். மச்சானுக்காக வரவில்லை.

"இன்னா தம்பி, நானே அத்த பறிகுடுத்துட்டு நிக்கிறேன். நீ போட்டோலயும் ஒருவாட்டி வெட்டிட்டியே" என்றார்.

டீக்கடைக்காரர்தான் என்னைக் காப்பாற்றினார். செத்ததாகச் சேதி பரவி ஒருவர் உயிரோடு இருந்தால் ஆயுசு கெட்டி என்று நம் பக்கத்தில் சொல்வார்கள் இல்லையா, அதை எடுத்துவிட்டார். மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. போகும்போது ஒரு போஸ்டரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மரங்களுக்கு அடித்தாயிற்று. பிளாஸ்டிக் பேனர் கூடவே கூடாது. ஆணி அடித்தால் பக்கத்து மரத்துக்கு வலிக்கும், அதனால் கயிற்றில்தான் கட்டுவார். போஸ்டரின் அடியில் 'இவண்' என்று போட்டு, துக்கப்படும் சொந்தபந்தங்களின் படம் வரிசையாக வரவேண்டும். மரங்கொத்தி, மலைத்தேனீ, குரங்கு, பச்சைப்பாம்பு, நிழலில் வளர்ந்த பாசி வரைக்கும். பாசிக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தேடிய ஒரே டிசைனர் இந்த உலகத்தில் நான்தான்.

ஒருமுறை கரடியையும் போடச் சொன்னார். கரடி எந்த வகையில் சொந்தம் என்று எரிச்சலோடு கேட்டேன்.

"தெனம் வந்து முதுகு சொறிஞ்சிக்கினு போவும் தம்பி. இப்ப அது எங்க போயி சொறியும்?" என்றார்.

கரடியைப் போட்டேன்.

மலைப்பாதை வளைவில் ஒரு கிழட்டுக் கடுக்காய் மரம் உண்டு. அதன் காலடியில் ஒரு ஊற்று. கோடையிலும் வற்றாது. கண்ணீரண்ணன் தினமும் ஜீப்புக்கும் தனக்கும் தண்ணீர் பிடிப்பது அங்கேதான். அப்படி நாலு ஊற்று சேர்ந்துதான் கீழே கோமுகி அணைக்கும் கரும்புக்கும் போகிறது என்று ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். ரோட்டை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்டப்போகிறார்கள் என்று சேதி வந்தது. மரம் போனால் ஊற்றும் போய்விடும் என்று மனிதர் சோறு இறங்காமல் கிடந்தார். மனு கொடுத்தார், காலில்கூட விழுந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மொட்டை அடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். வெட்டும் நாளன்று தன்னால் எழுந்திருக்க முடியாது என்று முந்தின நாளே போஸ்டரைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று பிடித்த மழையில் பாதையில் மண் சரிந்தது. வெட்டுகிறவர்கள் மேலே வருவதற்கு நாளாகிவிட்டது. வந்து பார்த்தால், கழுத்தில் தன் சாவு போஸ்டரோடு மரம் ஜம்மென்று நிற்கிறது. அதற்குள் சுற்றுவட்டாரமே வந்து மாலை போட்டுவிட்டுப் போயிருந்தது. மேஸ்திரி மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

"ஊரே அழுது முடிச்சும் நிக்கிதுங்க. இதுக்கு ஆயுசு கெட்டி. இது மேல கைய வெச்சா நம்ம ஆயுசு கம்மியாப்பூடும்" என்றாராம் காண்டிராக்டரிடம்.

காண்டிராக்டர் எலவனாசூர்கோட்டையிலிருந்து வேறு ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். அவர்கள் இறங்கிப் போஸ்டரைப் படித்து, கற்பூரம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு அதே லாரியில் ஏறிவிட்டார்கள். ஆத்திரத்தில் காண்டிராக்டர் தானே மெஷினைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து அவர் அம்மாவிடமிருந்து போன். போஸ்டரோடு மரம் நிற்கும் போட்டோவை யாரோ அந்த அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, மச்சான்தான். காண்டிராக்டர் எவருக்கும் அஞ்சாதவர், அம்மாவைத் தவிர. எதிர்ப்பக்கத்துப் பாறையை உடைத்து ரோட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அதே வளைவில் கண்ணீரண்ணனுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ஜீப்பை அந்த மரத்தடியிலேயே ஓரங்கட்டிவிட்டுச் சாய்ந்திருக்கிறார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் ராத்திரி தாண்டட்டும் என்றார். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். கடையைத் திறந்து, அவர் போட்டோவைப் போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்தில் அடித்து, ஆஸ்பத்திரி எதிர்ச்சுவரில் ஒட்டினேன். பாதி பசை, பாதி என் கண்ணீர்.

ஒட்டிவிட்டுத் திரும்பினால் அவர் சம்சாரம் நிற்கிறார். செருப்பு பறக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"இன்னொண்ணு இருந்தா குடு தம்பி. மலையிலயும் ஒட்டிட்டு வர்றேன்" என்றார்.

பிழைத்து எழுந்து, மெதுவாக நடந்து, கண்ணீரண்ணன் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். தன் சாவை மேலிருந்து கீழ்வரை ஒரு எழுத்து விடாமல் படித்தார். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"இவண்ல கரடிய வுட்டுட்டியே தம்பி" என்றார்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் வெள்ளையடிக்கும்போது கடைச் சுவரில் இருக்கும் பழைய போஸ்டர்களை எல்லாம் கிழித்துவிடுவேன். அவருடையதை மட்டும் புதிதாக அடித்து ஒட்டுகிறேன். கரடி இருக்கிறது. கரடிக்குப் பக்கத்தில் என் போட்டோவும் இருக்கிறது.