ஈசானமூலையில் நட்ட குருவிப்பெட்டித் தடி

வட்டக்கச்சி,
வெள்ளி இரவு.

அன்புள்ள வினோஜா அக்காவுக்கு,

தம்பி அனோஜன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான், ஆடு எல்லோரும் நலம். நீ எங்கள் எல்லோரையும் போனில் புளொக் பண்ணியிருப்பதால் உன் நலத்தை அறிய வழியில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை வவுனியா பஸ்ஸில் கொடுத்துவிடப் போகிறேன். கிழிக்காமல் வாசி. முதல் விசயம்: உன்னைக் கேக்காமல் இஞ்ச ஒருத்தரும் உனக்குக் கலியாணம் பேசேல்லை. வீட்டு முத்தத்தில நிக்கிறது கலியாணக் கன்னிக்கால் இல்லை. நீ தந்துவிட்ட குருவிப்பெட்டிக்கு நான் நட்ட தடி.

உன்னோட படிப்பிக்கிற கிருசாந்தன் சேர் செய்ததெண்டு நீ தந்த பெட்டியை, முதல் பின்வளவில பனஞ்சிலாகைத் தடி ஒண்டில அடிச்சன். அரை மணித்தியாலத்தில அணில் ஏறிக் குடியிருந்திட்டுது. பிறகு இரும்புப் பைப் நட்டன். அதில அணில் வழுக்கி விழுந்தது, பாக்க நல்ல வடிவு. ஆனா அது தண்ணி மோட்டரின்ர பைப்பாம், அப்பா பிடுங்கிக்கொண்டு போட்டார். அப்பத்தான் எனக்கு மூளை வேலை செய்தது: முள்ளுத் தடியெண்டா அணிலும் ஏறாது, பூனையும் ஏறாது. வேலியில நேரான முள்முருக்கங் கதியால் ஒண்டு வெட்டினன். பின்னுக்கு நட்டா குசினிக் கூரையில இருந்து பூனை பாயும், அதால முன்னுக்கு வெறுமையாக் கிடந்த ஈசானமூலையில கிடங்கு வெட்டினன். முள்ளியவளைக்குப் போயிருந்த அம்மா போனில, "கிடங்கு வெட்டுறதெண்டா நல்ல நேரம் பாத்து வெட்டடா" எண்டா. பாத்தன். எறும்பு ஏறாமல் அடியில மஞ்சள் பூசினன். பெட்டி வழுக்காமல் உச்சியில துணி சுத்தினன், கையில அம்பிட்டது மஞ்சள் துணி. ஆணி காணேல்லை, பெட்டி பூட்டுறதை அடுத்த நாளைக்கு விட்டன்.

பக்கத்து வீட்டு இலட்சுமி மாமி வேலிக்கு மேலால எட்டிப் பாத்தா. "என்ன தம்பி, சொல்லாமல் கொள்ளாமல் கன்னிக்கால்? வினோஜாவுக்கோ?"

அவாவோட கதைச்சா பொழுதுபட்டிடும். மண்டையை ஆட்டினன். அது என்ர பிழைதான். கலியாணத்துக்கு நடுறதும் இதே முருக்கு, இதே மூலை, இதே மஞ்சள் எண்டது பிறகுதான் என்ர மூளையில ஓடினது.

பின்னேரம் துணிக்கடை மீராசாகிபு நானா கூறைச்சீலையளோட வந்து நிண்டார். அப்பா விசயத்தைச் சைக்கிள் கடையில கேள்விப்பட்டு ஓடி வந்தார். "படிப்பைத்தான் பாதியில விட்டனீ, இந்தத் தடியை மட்டும் ஏனடா முழுசா நட்டனீ?" அம்மா பஸ்ஸால இறங்க முதலே நாலு பேர், "மாப்பிள்ளை எவடம்?" எண்டு கேட்டிட்டினமாம். ஆரோ உனக்கும் போன் அடிச்சிட்டினம்.

நாளைக்கு விடிய தடியைப் பிடுங்கி அடுப்பில வைப்பன். வீடு வீடாப் போய் உண்மையைச் சொல்லுவன். நீ பயப்பிடாமல் லீவுக்கு வீட்ட வா. முருகன் உனக்கு நல்ல சுகத்தையும் என்னில கொஞ்சம் இரக்கத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
வேணுமெண்டு ஒண்டும் செய்யாத தம்பி,
அனோஜன்.

பி.கு.: சனி காலமை. தடியைப் பிடுங்கேல்லை. விடியவே கிருசாந்தன் சேர் புளியங்குளத்தில இருந்து மோட்டச்சைக்கிளில வந்திட்டார். கலியாணக் கதை அவருக்கும் எட்டியிட்டுது, கேப்பமெண்டா உன்ர போன் அவருக்கும் வேலை செய்யுதில்லையாம். ஹெல்மெற்றைக் கூடக் கழட்டாமல், "அனோஜன், மாப்பிள்ளை ஆர்?" எண்டார். "குருவி, சேர்" எண்டன். விளங்கினதும் மனிசன் படலையடியிலயே குந்தியிட்டார். அம்மா அவற்ற முகத்தைப் பாத்தா, தடியைப் பாத்தா, போய்த் தேத்தண்ணி போட்டா. இப்ப சேர் கதிரையில ஏறிநிண்டு பெட்டியைப் பூட்டுறார், அப்பா கதிரையைப் பிடிக்கிறார். "மஞ்சள் துணியை அவிழ்க்கட்டோ?" எண்டு கேட்டன். அப்பா கதிரையை இன்னும் இறுக்கிப் பிடிச்சார், அம்மா சேருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊத்தினா. புளொக்கை எடுத்துப்போட்டு நீயே சொல்லு: பிடுங்கட்டோ, விடட்டோ?