புல்லைச் சுருட்டி வைத்தவர்

கனடாவில் புல்லைப் பகையாளியாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் மண்வெட்டி அண்ணைதான். வீடு வாங்கிய மற்றவர்கள் புல் வெட்ட மெஷின் வாங்கினார்கள்; அவர் மண்வெட்டி வாங்கினார். பெயரும் அப்படித்தான் வந்தது. சொந்தப் பெயரை அவர் வேலை செய்த தொழிற்சாலையிலேயே மறந்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் அவர் வாங்கிய வீட்டின் நிலக்கீழ் அறையில், பேஸ்மென்றில், நான் வாடகைக்கு இருந்தேன். ஐம்பதுகளில் கட்டிய, மாடியில்லாத, நீட்டுக்குக் கிடக்கும் செங்கல் வீடு. முன் முற்றம் முழுக்கப் பச்சைப் பசேலென்று புல். விற்ற வெள்ளைக்காரக் கிழவர் சாவியைத் தரும்போது வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. புல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கண் கலங்கினார். அண்ணை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை அங்கே மருந்துக்கும் ஒரு புல் இல்லை.

காரணம் இருந்தது. பல வருஷமாக ஊரில் காத்திருந்த அவருடைய மனைவிக்கு விசா கிடைத்துவிட்டது. கோடை முடிவதற்குள் வருகிறார்.

"தம்பி, முத்தத்தில புல்லு நிண்டா அது ஆளில்லாத வீடு. மனிசி வந்து இறங்கேக்க, இந்த மனிசன் இவ்வளவு காலமும் பாழ் வீட்டிலயோ கிடந்தது எண்டு நினைக்க மாட்டாளே?"

ஊரில் அது சரிதான். கூட்டிப் பெருக்கிய வெறும் மணல்தான் எங்களுக்கு லட்சணம். ஆனால் இந்தத் தெருவில் புல்தான் குலம், கோத்திரம், சாதகம் எல்லாம்.

பிறகு ஜன்னல்களுக்குப் போனார். இருபுறமும் அழகுக்கு அடித்திருந்த பலகைக் கதவுகளை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"பூட்டேலாத கதவு ஆருக்கு? அந்தக் கிழவனை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்!"

எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுச் சுவருக்கு றோஸ் நிறம் அடித்தார். புருவம் மழித்த முகத்துக்குப் பவுடர் பூசியது போல வீடு நின்றது.

தினமும் காலையில் மண்ணைக் கோடு விழக் கூட்டுவார். மழை பெய்தால் தபால்காரர் ஒரு சப்பாத்தைச் சேற்றில் விட்டுவிட்டு வந்து கதவைத் தட்டுவார். பக்கத்து வீட்டுக் கிழவி நீச்சல் குளம் வரப்போகிறது என்றே நம்பினார். உடுப்பும் வாங்கிவிட்டதாகக் கேள்வி.

கடைசியில் நகரசபையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

"புல்லு எங்கை எண்டு கேக்கிறார், அண்ணை."

"ஒண்டும் விடேல்லை, வேரோட கிண்டிப்போட்டன். பயப்பட வேண்டாம் எண்டு சொல்லும்."

நான் வேறு என்னவோ சொல்லிச் சமாளித்தேன். வியாழக்கிழமை திரும்பி வருவேன், புல் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். மனைவியின் விமானமோ வெள்ளிக்கிழமை. அன்றிரவு அண்ணை சாப்பிடவில்லை.

மறுநாள் முகம் மலர வந்தார். கடையில் புல்லை மண்ணோடு பாய் போலச் சுருட்டி விற்கிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தார்.

"பாயெண்டா விரிக்கலாம், சுருட்டலாம். என்ன தம்பி?"

வியாழக்கிழமை விரித்தோம். அதிகாரி மகிழ்ந்து கைகுலுக்கினார். அவருடைய கார் மூலை திரும்பியதும் சுருட்டினோம். வெள்ளிக்கிழமை சுருள்களெல்லாம் கராஜ் ஓரம் அடுக்கியிருக்க, முற்றம் பளிச்சென்று கிடந்தது.

அண்ணையின் மனைவி காரிலிருந்து இறங்கினார். கூட்டிய மண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே கராஜ் பக்கம் போனார்.

"இஞ்சருங்கோ, உது என்ன, புல்லே? உதை ஏன் சுருட்டி வைச்சிருக்கிறியள்? வாற வழியெல்லாம் பாத்தன், எல்லார் வீட்டிலயும் என்ன வடிவாக் கிடக்கு! எங்கடை வீடுதான் ஆளில்லாத வீடு மாதிரிக் கிடக்கு."

பயணச் சேலையோடு அவர் ஒரு சுருளைத் தூக்க, அண்ணை ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தார். நான் உதவிக்குப் போக, அண்ணை தடுத்தார்.

"நீர் உள்ளை போம், தம்பி."

போனேன். பொழுது படும்வரை விரித்தார்கள். பிறகும் உள்ளே வரும் சத்தத்தைக் காணவில்லை. பேஸ்மென்ற் ஜன்னல் நிலத்தோடு இருந்ததால், எட்டிப் பார்த்த எனக்குத் தெரிந்தது புல்லின்மேல் நீட்டியிருந்த நான்கு வெறுங்கால்கள்தான். அந்த முற்றத்துப் புல்லுக்காகக் கண் கலங்கிய இரண்டாவது ஆள் நானாகத்தான் இருப்பேன்.