அப்பாவின் செருப்பு வாசலில்

பத்து மணி வகுப்புக்கு இன்னும் ஏழு நிமிடம்தான் இருந்தது. சிவசங்கரனின் சட்டை நுனி மட்டும் ஸ்னேகாவின் கையை விட்டு வருவதாக இல்லை.

கல்லூரி வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்தில் மூன்றரை வயது மகளுக்கு அன்றுதான் முதல் நாள். மனைவி மஹாலக்ஷ்மிக்கும் முதல் நாள். ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளி வேலையில் சேர விடிந்ததுமே பஸ் ஏறிவிட்டாள். பிள்ளை இங்கே தங்காவிட்டால் அந்த வேலை இல்லை. தங்காது, அப்பாவை விட்டு அரை மணி நேரம்கூட இருக்காது என்று இரண்டு மாதமாக வீட்டில் சொல்லிவந்தவர் சிவசங்கரனேதான். சொன்னது பலித்துவிடுமோ என்று இப்போது பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார்.

"பாத்தியாளா? அப்பா செருப்பு இங்கனதான் கெடக்கு. வெறுங்காலோட அப்பா எங்க போயிருவேன்?"

ஸ்னேகா செருப்பைப் பார்த்தாள். யோசித்தாள். முன்னைவிடச் சத்தமாக அழுதாள்.

மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு அழுதாள். மற்ற ஆறு குழந்தைகளுக்கும் தத்தம் அப்பாக்களின் நினைவு வந்துவிட்டது.

"நீங்க கெளம்புங்க சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று ஆயா ஆறுமுகத்தாய் கதவைச் சாத்தினாள்.

வெயில் சுட்ட சிமெண்டுப் பாதையில் குதித்துக் குதித்துப் போய், வகுப்பில் நுழைந்து, பலகை நிறையக் கணக்குப் போட்டார். மாணவர்கள் அத்தனை அமைதியாக என்றுமே இருந்ததில்லை. கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த உருவம், பக்கத்தில் வந்த பிறகுதான் தாவரவியல் வேதநாயகம் என்று தெரிந்தது. இது தன்னுடைய வகுப்பு என்றும், சார் முடிக்கட்டும் என்று காத்திருந்ததாகவும் அவர் பணிவாகச் சொன்னார்.

தன் வகுப்பைத் தேடிப் போகாமல் சிவசங்கரன் காப்பகத்துக்கே திரும்பினார். உள்ளே சத்தமே இல்லை. அந்த அமைதி அவருக்கு என்னவோ செய்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் தலையைக் கண்டதும் ஸ்னேகாவின் அழுகை மறுபடி ஆரம்பித்தது.

வேப்பமர நிழலில் வெகுநேரம் நின்றார். அழுகை ஓயவில்லை. இனி வேறு வழியில்லை, மஹாலக்ஷ்மியைத் திரும்பி வரச் சொல்லிவிடலாம் என்று கைபேசியை எடுத்தார். அப்போது ஆறுமுகத்தாய் வெளியே வந்தாள்.

"நீ அழலேன்னா அப்பா சங்கடப்படுவாக, கொஞ்சம் அழுதிருன்னு அம்மா சொல்லிவிட்டிருக்காகளாம் சார். இம்புட்டு அழுதது போதுமா, இன்னும் அழணுமான்னு பாப்பா கேட்டுட்டு வரச் சொல்லுதா."