யானையார் சரிபார்த்த மனு

சட்டத்தையெல்லாம் பாறையில் செதுக்கிவைத்துப் பீற்றிக்கொள்ளும் ஒரு காட்டில் அல்லி என்றொரு புள்ளிமான் இருந்தது. அதன் குட்டி தண்ணீரில்லாமல் நாக்கு வறண்டு துவண்டு கிடந்தது. காரணம் ஊரறிந்ததுதான். நீர்த்துறை அமைச்சர் யானையார் மேட்டிலேயே ஓடையை மறித்துக் குடும்பத்தோடு குளித்துக்கொண்டிருந்தார். கேட்டால், "ஆய்வு நடக்கிறது" என்பார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் அழுவது?

பாறையில் ஒரு வரி இருந்தது. குளத்து ஈரமண் நிறையக் காலடி பதித்துக் கேட்டால் சட்டத்தைத் திருத்தலாமாம். அல்லி காடெல்லாம் அலைந்தது.

"அமைச்சர் நமக்குப் பதில் சொல்லணும், சொல்லலேன்னா பதவி போகணும். அவ்வளவுதான் திருத்தம். வந்து ஒரு கால் வையுங்க!"

முயல் வந்தது, ஆமை வந்தது. "நமக்கெதுக்கு வம்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே முள்ளம்பன்றியும் வந்து மிதித்தது. குளத்தில் மிச்சமிருந்த சேறெல்லாம் காலடி. அல்லிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

செயலாளர் நரி வந்து பார்த்தது. "பிரமாதம்! ஆனா ஒவ்வொண்ணும் அசலா போலியான்னு சரிபார்க்கணுமில்ல? துறை அமைச்சர் நேர்ல வந்து பார்ப்பார்."

"புகாரே அவர் மேலதானே ஐயா!"

"அதனாலதாம்மா. அவரைவிட விஷயம் தெரிஞ்சவங்க யாரு?"

யானையார் வந்தார். சும்மா சொல்லக் கூடாது, ஒரு காலடியைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று நிதானமாகப் பார்வையிட்டார். அவர் கரையேறியபோது சேற்றில் யானைத் தடங்கள் மட்டுமே இருந்தன.

நரி சிங்கராஜாவிடம் ஓடியது. "மகாராஜா, மண் நிறைஞ்சுபோச்சு! எல்லாம் அமைச்சரோட காலடி. மனு போட்டதே அவர்தான்!"

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தன்னையே கேள்வி கேட்கச் சொல்லும் அமைச்சரா! அடேங்கப்பா, எந்தக் காட்டில் உண்டு?"

அன்றைக்கே பாறையில் திருத்தம் ஏறியது: இனி அமைச்சரை அமைச்சரே கேள்வி கேட்பார்.

சபை கூடியது. "தண்ணீர் எங்கே போனது?" என்று யானையார் முழங்கினார். பிறகு துதிக்கையைத் தூக்கி, "நல்ல கேள்வி" என்று அவரே பதிலும் சொன்னார். கைதட்டல் காதைப் பிளந்தது. வெட்கங்கெட்ட முயலும் சேர்ந்து தட்டியது.

"அம்மா, நாம ஜெயிச்சிட்டோமா?" என்றது குட்டி.

"ஜெயிச்சிட்டோம் கண்ணு. எந்திரி, பக்கத்துக் காட்டுல தண்ணி இருக்காம்."

குட்டியால் எழுந்திருக்க முடியவில்லை.

நீதி: தாகமெடுத்தால் சட்டத்தைத் திருத்தக் கிளம்பாதே, முதலில் காலைத் தடியாக வளர்த்துக்கொள்.