பதினோராவது ரீல்

தூத்துக்குடியில், திரையில், கதாநாயகி கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். காயல்பட்டினத்துக்கு வரும் பஸ்ஸில், ஆறுமுகநேரி தாண்டுவதற்குள், மக்தூம் அவளைப் பிழைக்கவைத்துவிட்டான்.

அவனுக்கு வேறு வழியில்லை. போன வருஷம் ஒரு படத்தில் கதாநாயகி காசநோயில் இறந்ததை உள்ளபடியே வீட்டில் சொல்லிவிட்டான். அன்றைக்கு அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோயும் இறக்க ஆள் வரவில்லை. மறுநாள் ஜும்ஆவுக்குக் கிளம்பும்போது மாமியார் சொன்னாள்:

"மாப்பிள்ள, வாரத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வாறிய. வாறப்ப மையத்து சேதியாவா கொண்டு வரணும்?"

அதிலிருந்து மக்தூம் யாரையும் சாகவிடுவதில்லை. ஒரு வருஷத்தில் நான்கு கதாநாயகிகளும் இரண்டு தாய்மாரும் ஒரு குதிரையும் அவன் கையால் பிழைத்திருக்கிறார்கள்.

காயல்பட்டினத்தில் கல்யாணமானால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடு மாமியுடையது. ஒரே வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வந்துவிட்டால், யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பது பலகாரத் தட்டு வருகிற வரிசையிலேயே தெரிந்துவிடும். மூத்த மாப்பிள்ளை இப்ராஹீமுக்குக் கொழும்பில் ஜவுளிக்கடை. வரும்போதெல்லாம் பட்டு, தேயிலை, பூப்போட்ட பீங்கான் என்று இறக்குவார். இளைய மாப்பிள்ளை மக்தூம் தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிக் கம்பெனிக் குமாஸ்தா. இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுகிறவன் வீட்டுக்கு எதை எடுத்துவர முடியும்? படக்கதை ஒன்றுதான் அவனால் முடிந்தது.

புதன்கிழமை மாலைக் காட்சி பார்ப்பான். வெள்ளி விடுமுறை என்பதால் வியாழன் மாலையே பஸ் ஏறிவிடுவான். மஃரிப் தொழுகை முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து, குறுக்கே ஒரு திரை கட்டுவார்கள். இந்தப் பக்கம் அவனும் மாமியும். அந்தப் பக்கம் அவன் மனைவி சம்சுன்னிசா, அவளுடைய ராத்தா மும்தாஜ், தங்கை ராஹிலா, அக்கம்பக்கத்துப் பெண்கள். புதன்கிழமை ஒரு திரையில் பார்த்ததை வியாழக்கிழமை இன்னொரு திரையைப் பார்த்துச் சொல்வான். இந்தத் திரை வளையல் குலுக்கும், மூக்கு உறிஞ்சும், சிரிக்கும். முகம் மட்டும் காட்டாது.

சும்மா கதை சொல்லிவிட்டுப் போகிறவன் இல்லை அவன். படங்களைப் பற்றி அவனுக்குத் திடமான அபிப்பிராயங்கள் உண்டு. ராஜா சாய்ந்தால் ஆடுகிற தூண் உள்ள அரண்மனையை அவன் மதிப்பதில்லை. வில்லனுக்கு மீசையின் ஒரு பக்கம் பசை விட்டிருந்தால் அதையும் சொல்வான். முங்கிச் சாகிறவள் மூன்று சரணம் பாடுவது நியாயமில்லை, ஒன்று போதும் என்பது அவன் கட்சி. சேலை, நகை விஷயத்தில்தான் கொஞ்சம் தடுமாற்றம்.

"என்ன நெறத்துச் சேல மச்சான்?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்பாள் சம்சுன்னிசா.

கறுப்பு வெள்ளைப் படம். மக்தூம் ஒரு நிமிஷம் யோசித்து, "மாம்பழ நெறம்" என்பான். திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரிப்பார்கள். ரசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வான்.

அந்த வியாழக்கிழமை கிணற்றுப் படத்தை அவன் நன்றாகவே சொல்லி முடித்தான். கிணற்றில் விழுந்தவள் தண்ணீருக்குள் கிடந்த வடக்கயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். கதாநாயகன் கமலையில் மாட்டைப் பூட்டி ஓட்டுகிறான். தோல் வாளியோடு அவளும் மேலே வருகிறாள். கமலை எப்படி இழுக்கும், மாடு பள்ளத்தில் இறங்கும்போது வாளி ஏன் மேலே ஏறும் என்பதையெல்லாம் கையை ஆட்டி விளக்கினான். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. அன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து வந்து இறங்கியிருந்த இப்ராஹீம் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"மக்தூம், இந்தப் படத்த நான் கொழும்புல பாத்தேன். அவ செத்துட்டா."



"எங்க செத்தா காக்கா?" என்று அண்ணன் முறைக்காரரைக் கேட்டான் மக்தூம்.

"கெணத்துலதான்."

"அது கொழும்புல."

"அவ செத்துப்போயி, தூக்கிப் போட்டு, அவன் பக்கத்துல உக்காந்து ஒரு பாட்டுப் பாடுனான் மக்தூம்."

"ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கடைசி ரீல் காக்கா. கொழும்புக்காரங்களுக்கு அழுகப் படம் பிடிக்கும். அதனால அங்க அனுப்புற ரீல்ல அவ செத்துருவா. நம்ம ஊர் ரீல்ல பொழச்சிக்கிடுவா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே பயம் பிடித்தது. ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்யை நிறுத்தியிருந்தான். இதுவோ சரிபார்க்கக்கூடிய பொய்.

இப்ராஹீம் வியாபாரி. சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை. "நல்லது. சனிக்கிழம எனக்கும் தூத்துக்குடியில சோலி இருக்கு. மேட்னி போவோம். பாத்துட்டு வந்து, இதே எடத்துல உக்காந்து, உள்ளத உள்ளபடி சொல்லுதேன். மாமி கண்ணு வைத்தியத்துக்குப் போற அந்த சுடலைமாடன் கார எடுத்துக்கிடுவோம்."

மாமிக்குக் கண்ணில் நீர் வடிகிற கோளாறு. எட்டு மாதமாக வாரம் ஒரு தடவை, மகள்களையும் கூட்டிக்கொண்டு, சுடலைமாடன் ஓட்டும் திரை போட்ட வாடகைக் காரில் தூத்துக்குடி வைத்தியரிடம் போய் வருகிறாள். மருந்து ரொம்பக் காரம். துணைக்குப் போகிறவர்களுக்கே கண் சிவந்துவிடும் என்று சம்சுன்னிசா சொல்லியிருக்கிறாள்.

"கார் எதுக்கு? பஸ்ஸுல போங்களேன்" என்றாள் மாமி.

"நான் குடுக்கேன் மாமி வாடகைய" என்று இப்ராஹீம் பேச்சை முடித்துவிட்டார்.

மக்தூம் அன்று பலகாரத் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினான். இதுவரை இந்த வீட்டில் அவன் ஏழை மாப்பிள்ளை; அவ்வளவுதான். சனிக்கிழமைக்குப் பிறகு பொய் சொல்கிற ஏழை மாப்பிள்ளை. அப்புறம் வியாழக்கிழமை எதற்குப் பாய் விரிப்பார்கள்? எதற்குத் திரை கட்டுவார்கள்?

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய், அரை நாள் லீவு சொல்லிவிட்டு, உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பத்தோடு கொட்டகை மாடியில் ஏறினான். ஆபரேட்டர் மந்திரமூர்த்தி மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே மந்திரமூர்த்தி, இன்னைக்கு மேட்னிக்கு மட்டும் கடைசி ரீல ஓட்டாத."

மந்திரமூர்த்தி கருப்பட்டியைப் பார்த்தான். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த தகர டப்பாக்களைப் பார்த்தான். யுத்தத்தால் பிலிமுக்குத் தட்டுப்பாடு. எந்தப் படமும் பதினோராயிரம் அடிக்கு மேல் போகக்கூடாதென்று சர்க்கார் உத்தரவு. ஒரு ரீல் ஆயிரம் அடி, பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். ஆகப் பதினோரு ரீல், பதினோரு டப்பா. பத்தாவது ரீலின் முடிவில் அவள் கிணற்றில் விழுகிறாள். பதினோராவதில்தான் பிணம் வெளியே வருகிறது. பதினோராவதைக் காட்டாவிட்டால் அவள் செத்தாளா பிழைத்தாளா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

"ஏன் அண்ணாச்சி? நல்ல ரீல்லா அது. சனம் கதறுது."

"அதுக்குத்தான் வேண்டாங்கேன்."

"பெஞ்சியத் தூக்கி எறிவானுவ. நானே தெனம் ஒரு ஆட்டம், சனி ஞாயிறு மேட்னி, செவ்வாக்கிழம பொம்பளைகளுக்குன்னு தனியா பொம்பளையாட்டம்னு கையொடிஞ்சு கெடக்கேன்." முணுமுணுத்துக்கொண்டே கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். "சரி. ரீல் அறுந்து போச்சுன்னு சிலைடு போடுதேன். அதுக்கு மேல என்ன நடந்தாலும் என்னயக் கேக்கக்கூடாது."

இரண்டரை மணிக்கு, காரில் வந்து சேர்ந்த இப்ராஹீமும் அவனும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கொட்டகையில் ஒரே மிஷின்தான். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கு எரியும். மந்திரமூர்த்தி அடுத்ததை மாட்டுவான். அதுவரை முறுக்கு விற்பவன் நடுவில் புகுந்து வருவான். ஒவ்வொரு விளக்குக்கும் இப்ராஹீம் மக்தூமின் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு விளக்குக்கும் மக்தூம் முறுக்கு வாங்கினான்.

ஆறாவது ரீலில் கதாநாயகியின் அப்பாவைப் பாம்பு கடித்தது. பத்தாவதில் கதாநாயகன் தாடியோடு அலைந்தான், அவள் கிணற்றில் விழுந்தாள். விளக்கு எரிந்தது. 'ரீல் அறுந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று சிலைடு விழுந்தது.

முதலில் ஒரு விசில். பிறகு தரை டிக்கெட்டிலிருந்து ஒரு பிடி மணல் பறந்து வந்து திரையில் மோதியது. "அவள வெளிய எடுங்கலே" என்று ஒருவன் கத்தினான். பெஞ்சுகள் தடதடத்தன. மானேஜர் மாடிப்படியில் ஓடுவது கீழே வரைக்கும் கேட்டது.

"எதையாவது ஓட்டுலே, கொட்டகைய மேஞ்ச ஓலைகூட மிஞ்சாது."

ஒரு ரீல் ஓடி முடிந்தால் அதன் வால்தான் வெளியே இருக்கும். திருப்பிச் சுற்றினால்தான் மறுபடி ஓட்டலாம். பத்தாவது இன்னும் சுற்றப்படவில்லை. பதினோராவதை ஓட்டுவதில்லை என்று கருப்பட்டி தின்றாகிவிட்டது. மந்திரமூர்த்தி வாக்குத் தவறாதவன். சுற்றித் தயாராக, மேலாக இருந்த டப்பாவை எடுத்து மாட்டினான். அது மூன்றாவது ரீல்.

விளக்கு அணைந்தது. அதே கிணறு. கிணற்றடியில் கதாநாயகி, சொட்டுக்கூட நனையாமல், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மணலை அள்ளிய கைகள் பாதியில் நின்றன. பிறகு கைதட்டல், ஓலைக்கூரை அதிர.

மக்தூம் கண்ணை மூடித் திறந்தான். அவள் அங்கேயேதான் நின்றாள். தண்ணீர் இறைத்தாள், பாடினாள். கதாநாயகன் தாடியில்லாமல் வந்தான்.

"செரச்சிட்டானே" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"இவ பொழச்ச சந்தோசத்துல செரச்சிருப்பான்" என்றான் அவனுக்கு அடுத்தவன்.

மாட்டை ஓட்டிக்கொண்டு, பாம்பு கடித்த அப்பா வந்தார்.

இப்ராஹீம் மெதுவாக மக்தூமின் கையைப் பிடித்தார். "அவ வாப்பாவும் பொழச்சிட்டாரா?"

"நம்ம ஊர் ரீல்ல எல்லாரும் பொழச்சிக்கிடுவாங்க காக்கா" என்றான் மக்தூம்.

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறக்கும்போது ரீல் முடிந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கும்போது வீட்டுக்குப் போவதுதான் மரியாதை என்பதுபோல் எழுந்து போனார்கள்.

படம் விட்டதும் காரில் திரும்பினார்கள். கார், கரியை எரித்து வருகிற வாயுவில் ஓடுவது. மேட்டில் ஏறும்போதெல்லாம் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் மூத்த மாப்பிள்ளைதான் முதலில் இறங்கினார்.

வீட்டில் பாய் விரித்திருந்தது. திரை கட்டியிருந்தது. இப்ராஹீம் உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மாமி, நான் வியாபாரி. தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிடுவேன். மக்தூம் சொன்னது அம்புட்டும் சரி. இன்னும் கொறச்சுத்தான் சொல்லியிருக்கான். அவ பொழச்சா. அவ வாப்பாவும் பொழச்சிட்டாரு."

திரைக்குப் பின்னால் ஒரு வளையல்கூட அசையவில்லை.

பிறகு சம்சுன்னிசாவின் குரல் கேட்டது. "பாம்பு கடிச்சு மையத்தானாரே, அந்த வாப்பாவுமா?"

மாமிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மக்தூமுக்கு எதுவோ நெருடியது. வியாழக்கிழமை அவன் பாம்பைப் பற்றி மூச்சுவிடவில்லை. அந்த அப்பாவை நல்லபடியாகக் காசிக்கு அனுப்பியிருந்தான். காக்கா தன் மனைவியிடம் சொல்லி, அவள் தங்கையிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். திரைக்குப் பின்னால் சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தம் ஒன்று பொங்கி அடங்கியது. பலகாரத் தட்டு வந்தது. முதலில் அவனிடம் வந்தது.

ஒரு வட்டிலாப்பத் துண்டை வாழையிலையில் வைத்து வாசலுக்கு எடுத்துப் போனான். இப்படிப்பட்ட நாளில் காரோட்டிக்கும் ஏதாவது கொடுக்கத் தோன்றியது. சுடலைமாடன் காரின் பின்னால் குந்தி, கரியடுப்பிலிருந்து சாம்பலைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"சுடலைமாடா, நீ இந்தக் கெணத்துப் படம் பாத்தியா?"

"நான் எங்க அண்ணாச்சி பாக்க? செவ்வாக்கிழம பொம்பளையாட்டம் முடியுற மட்டும் வண்டிக்குக் காவலுல்லா. ஆனா முடிவு எனக்குத் தெரிஞ்சிரும்." சுடலைமாடன் கையைத் துடைத்துவிட்டு இலையை வாங்கிக்கொண்டான். "திரும்பி வாறப்ப ஆத்தூரு வரைக்கும் வண்டித் திரைக்குப் பின்னால ஒரே அழுகையாக் கெடக்கும். அப்பம் ஒங்க மாமிதான் அதட்டுவாக: 'ஏளா, அழுதது போதும், வியாழக்கிழம நம்ம மாப்பிள்ள வந்து எழுப்பிருவாரு.'"