ஒட்டுண்ணிக்கு ஓர் உதாரணம்

ஆரணி

அன்புள்ள அந்தோணியம்மாள் அக்காவுக்கு ரீனா எழுதுவது. மாதா அருளால் இங்கே எல்லோரும் சுகம். ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். போனில் சொன்னால் மாடிக்குக் கேட்கும், அதனால் கடிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கட்டிலைத் தெருவில் போட்டு, மூட்டைப்பூச்சிக்குக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரம் முன்பே ஊற்றியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. போன வாரம், டியூஷனுக்கு வரும் இளமதிக்கு உணவூட்டம் பாடம் நடத்தினேன். இலை வெயிலை வாங்கித் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறது, ஒட்டுண்ணி அடுத்த உயிரை உறிஞ்சி வாழ்கிறது என்றதும், "எக்ஸாம்பிள் சொல்லுங்க மிஸ்" என்றாள். "அதோ, அந்தக் கட்டில்ல இருக்குதே, அதான்" என்று கையை நீட்டினேன். நான் சொன்னது மூட்டைப்பூச்சியை. கட்டிலில் படுத்திருந்ததோ, கம்பெனி வேலை போனதிலிருந்து எங்களோடு இருக்கும் என் கொழுந்தன் ஜோபின்.

எழுந்து உட்கார்ந்தான். "இன்னா அண்ணி, பாடம் நடத்திகினே திட்றீங்களா? இனிமே நான் செடி. என் சோத்த நானே ஆக்கிக்கிறேன்" என்று மாடியில் தனி அடுப்பு வைத்துவிட்டான். மாதம் முடிந்ததும் வீட்டைவிட்டே போகிறானாம். நான் விளக்கம் சொன்னால், "பாருண்ணா, இப்ப மூட்டைப்பூச்சின்னு வேற சொல்றாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் முறையிடுகிறான். அவரோ தம்பியின் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு மாடி ஏறியவர், சாப்பாட்டு வேளையில் இறங்குவதே இல்லை.

தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது யோசித்தேன், அக்கா. மனுஷன், மாடு, புழு எல்லாம் இன்னொரு உயிரைத் தின்றுதான் வாழ்கிறது. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் சமைக்கிற இலைக்குப் பசிக்குமா என்று எந்தப் பாடத்திலும் கேள்வி வருவதில்லை. செய்யாற்றில் ஒரு பள்ளியில் என்னை அறிவியல் டீச்சராகக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப சோறு?" என்றார்.

ஆகவே நீ ஜோபினுக்குப் போன் போட்டு, அண்ணி உன்னைச் சொல்லவில்லை, கீழே வந்து சாப்பிடு என்று சொல். உன் பேச்சைக் கேட்பான். மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளை ஆண்டவர் காப்பாராக.

உன் தங்கை,
ரீனா

பி.கு.: போன் போடாதே. இதை மடிக்கும்போது ஜோபின் எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைத்தான். வழித்துச் சாப்பிட்டேன். அவன் எங்கேயும் போக வேண்டாம். கீழ் அடுப்பையும் அவனிடமே கொடுத்துவிடப் போகிறேன். ஒன்றாம் தேதி செய்யாறு பஸ் ஏறப் போவது நான். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.